டிரேடிங் மேசையில் முதல் நாற்காலி: அல்காரிதம் காலத்தில் எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது?

2024 செப்டம்பரில் பங்குச்சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செய்திகளில் ஓடியது இந்த எண்தான். ஆனால் டிரேடிங்கைத் தொழிலாக எடுக்க நினைக்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் கவனிக்க வேண்டிய எண் அதே அறிக்கையில் வேறொரு பக்கத்தில் இருந்தது. 2023-24இல் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் இந்தப் பிரிவில் ஈட்டிய லாபத்தில் 96 சதவீதமும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் ஈட்டியதில் 97 சதவீதமும் அல்காரிதம், அதாவது தானாக ஆணையிடும் கணினி நிரல், வழியாக வந்தவை.

லாபம் முழுவதையும் மென்பொருள் அள்ளுகிறது என்றால் இந்த வேலைக்குப் போகலாமா, கூடாதா? கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. 'டிரேடர்' என்ற ஒரே பெயருக்குள் ஏழெட்டு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. அவற்றில் சில ஏற்கெனவே போய்விட்டன, சில சுருங்குகின்றன, சில வளர்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க, சந்தை இயங்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

ஃபியூச்சர், ஆப்ஷன்: ஒரு பங்கையோ குறியீட்டையோ பின்னொரு நாளில், இன்று பேசிய விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் ஒப்பந்தம் ஃபியூச்சர். அப்படி வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை மட்டும் ஆப்ஷன்; அதற்குக் கொடுக்கும் விலை பிரீமியம், பேசிய விலை ஸ்ட்ரைக். ஒப்பந்தம் முடியும் நாள் எக்ஸ்பைரி. இரண்டுக்கும் பொதுப்பெயர் டெரிவேட்டிவ்.

டீலர்: வாடிக்கையாளர் சொல்லும் ஆணையைத் தரகு நிறுவனத்தின் டெர்மினலில் போடுபவர். முடிவு வாடிக்கையாளருடையது, கை டீலருடையது.

பிராப் டெஸ்க்: நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் பிரிவு. லாபமும் நஷ்டமும் நிறுவனத்துக்கே.

ஜாபர்: ஒரு நாளுக்குள் சில பைசா வித்தியாசத்துக்கு வாங்கி விற்பவர். என்.எஸ்.இ.க்கும் பி.எஸ்.இ.க்கும் இடையிலோ, பங்குக்கும் அதன் ஃபியூச்சருக்கும் இடையிலோ உள்ள விலை வித்தியாசத்தைப் பிடிப்பவர்களும் இந்த வகைதான். இப்படிப்பட்ட பல பேரை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, டெர்மினலும் மார்ஜினும் (வர்த்தகத்துக்கு ஈடாகக் கட்டும் தொகை) கொடுத்து லாபத்தில் பங்கு போடும் இடத்துக்கு ஆர்கேட் என்று பெயர்.

கோ-லொகேஷன்: சந்தையின் கணினி இருக்கும் வளாகத்திலேயே வர்த்தக நிறுவனமும் தன் சர்வரை வாடகைக்கு வைத்துக்கொள்வது. இந்தியாவில் 2010 வாக்கில் வந்தது. அதற்கு முன்பே, 2008இல், தரகரின் டீலரைத் தாண்டி நேரடியாகச் சந்தைக்கு ஆணை அனுப்பும் வசதியைப் பெருநிறுவன முதலீட்டாளர்களுக்குச் செபி அனுமதித்திருந்தது. டீலர் வேலை சுருங்கத் தொடங்கியது அங்கேதான்.

மார்க்கெட் மேக்கிங்: ஒரே நேரத்தில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் கொடுத்து, நடுவிலுள்ள இடைவெளியில் சம்பாதிப்பது.

ஓர் ஆணை கடக்கும் ஐந்து படிகள்

எந்த வர்த்தகமானாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது:

1. ஏன் வாங்க வேண்டும் அல்லது விற்க வேண்டும் என்ற கருத்து.
2. என்ன விலை நியாயம் என்ற கணக்கு.
3. எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு இழக்கலாம் என்ற அளவு.
4. ஆணையைச் சந்தைக்கு அனுப்பி முடிப்பது.
5. முடிந்தபின் வரும் வேலைகள்: பணத் தீர்வு, கணக்குப் பொருத்தம், மார்ஜின், கண்காணிப்பு, தணிக்கை.

நிறைய கைமாறும் பொருள்களில், அதாவது நிஃப்டி ஆப்ஷன் அல்லது பெரிய வங்கிப் பங்கில், நான்காம் படி முழுக்கக் கணினியிடம் போய்விட்டது. இரண்டாம் படியும் பெரும்பாலும் அங்கேதான். ஐந்தாம் படியின் வாடிக்கையான பகுதியைக் கணினி செய்கிறது, வழக்கத்துக்கு மாறானது மனிதரிடம் வந்து விழுகிறது. ஒன்றிலும் மூன்றிலும் மனிதர் விதியை எழுதுகிறார், கணினி அதைக் கடைப்பிடிக்கிறது.

தேர்வுக்கான முதல் சல்லடை இதுதான். உங்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை நான்காம் படியில் மட்டும் நின்றால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது சுருங்கும் வேலை. கோல்டுமேன் சாக்ஸ் நியூயார்க்கில் 2000ஆம் ஆண்டில் பங்குகளை வாங்கி விற்கச் சுமார் 600 டிரேடர்களை வைத்திருந்தது. 2017 தொடக்கத்தில் அந்த மேசையில் மிஞ்சியவர்கள் 2 பேர். மற்றதை அல்காரிதமும், அதைப் பார்த்துக்கொள்ளச் சுமார் 200 பொறியாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேலைகள் முற்றிலும் மறையவில்லை, நான்காம் படியிலிருந்து இடம் மாறின. எண்ணிக்கையும் குறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வேகத்தில் மனிதர் ஏன் போட்டியிலேயே இல்லை

ஒளியிழைக் கேபிளில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு வழிக்குக் குறைந்தது 5 மில்லிசெகண்டு, போய்த் திரும்ப 10. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். கோ-லொகேஷனில் இருக்கும் சர்வருக்கு இதே பயணம் மைக்ரோசெகண்டுகளில் முடிகிறது. திரையில் மாறிய விலையைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும்.

ஆக, திரையைப் பார்த்து விலை வித்தியாசத்தைப் பிடிக்கும் வேலை எவ்வளவு திறமைசாலிக்கும் நிலைக்காது. 'அனுபவம் வந்தால் கை வேகம் வரும்' என்று சொல்லிச் சேர்க்கும் ஆர்கேட்டில் கற்றுக்கொள்ளப் போவது, காலாவதியான ஒரு கைத்தொழில்.

நான்கு டிக் கணக்கு

வேகத்தைவிடக் கொடூரமானது செலவு. புதிதாக வருபவர்கள் சரியாகப் போட்டுப் பார்க்காத கணக்கு இது.

100 ரூபாய் பிரீமியத்தில் ஒரு நிஃப்டி ஆப்ஷனை வாங்கி, அதே 100 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி அப்போது ஒரு யூனிட்டுக்கு ஆன செலவு:

1. விற்கும்போது எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.1 சதவீதம்: 10 பைசா.
2. என்.எஸ்.இ. பரிவர்த்தனைக் கட்டணம் இருபுறமும் 0.03503 சதவீதம்: 7 பைசா.
3. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.: 1.26 பைசா.
4. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.003 சதவீதம்: 0.3 பைசா.

கூட்டினால் 18.6 பைசா. தரகுக் கட்டணத்தை இன்னும் சேர்க்கவில்லை. ஆப்ஷன் விலை நகரும் மிகச் சிறிய அளவு, அதாவது ஒரு டிக், 5 பைசா. விலை நான்கு டிக் நகர்ந்தால்தான் அசலே தேறும். ஒன்றிரண்டு டிக்குக்காக நாளெல்லாம் வாங்கி விற்பவர், பாதி முறைக்கு மேல் சரியாகக் கணித்தாலும் நஷ்டத்தில்தான் முடிப்பார்.

நேர்காணலில் ஒரு நிறுவனம் தன் ஸ்ட்ராடஜி, அதாவது வர்த்தக உத்தி, பற்றிப் பெருமையாகச் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து பிறக்கிறது: சராசரியாக ஒரு வர்த்தகத்தில் செலவுக்கு முன் எவ்வளவு, செலவுக்குப் பின் எவ்வளவு? சிக்னல் (வாங்கலாம், விற்கலாம் என்று காட்டும் குறிப்பு) நன்றாக இருக்கிறது, செலவுக்குப் பின் எண் தெரியாது என்று பதில் வந்தால், அங்கே கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

எந்த நாற்காலி எப்படி

*தரகு நிறுவன டீலர்.* வாடிக்கையாளர் கைப்பேசியில் தானே ஆணை போடும் காலத்தில், தொலைபேசியில் கேட்டு டெர்மினலில் தட்டும் வேலைக்கு எதிர்காலம் குறுகியது. ஆனாலும் ஓராண்டு பார்த்தால் சந்தையின் அடிப்படை இலக்கணம் வரும்: மார்ஜின் எப்போது போதாமல் போகிறது, எக்ஸ்பைரி நாளில் என்ன குளறுபடி நடக்கிறது, என்.எஸ்.இ.யின் நீட் டெர்மினலில் ஆர்டர் புக் (காத்திருக்கும் ஆணைகளின் பட்டியல்) எப்படி அசைகிறது. (மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இந்த நீட்டுக்கும் சம்பந்தமில்லை.) ஒன்றரை ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தால் கேடு.

*குவான்ட் டிரேடர், குவான்ட் ஆய்வாளர்.* குவான்ட் என்றால் கணித மாதிரிகளை வைத்து வர்த்தகம் செய்யும் முறை. இவர்கள் ஒன்று, இரண்டு, மூன்றாம் படிகளுக்கான விதிகளை எழுதுபவர்கள். சம்பளம் அதிகம், இடங்கள் குறைவு. பெரும்பாலும் மும்பை, குருகிராம், பெங்களூருவில். கணிதம், புள்ளியியல், கணினியியல் படித்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்.

ஒரு பகடையை உருட்டலாம். வந்த எண் பிடிக்காவிட்டால் ஒரே ஒரு முறை மீண்டும் உருட்டலாம். வந்த எண்ணிக்கையில் ரூபாய் கிடைக்கும். இந்த ஆட்டத்தின் மதிப்பு என்ன? இரண்டாம் உருட்டலின் சராசரி 3.5. எனவே முதலில் 4, 5, 6 வந்தால் நிறுத்த வேண்டும், 1, 2, 3 வந்தால் மீண்டும் உருட்ட வேண்டும். பாதி வாய்ப்பில் 5, பாதி வாய்ப்பில் 3.5, ஆக 4.25.

இதுவரை பள்ளிக் கணக்கு. அடுத்த கேள்விதான் உண்மையான தேர்வு: 'இதற்கு வாங்கும் விலை, விற்கும் விலை கொடுங்கள்.' நீங்கள் 4.20, 4.30 என்கிறீர்கள். அவர் 4.30க்கு வாங்குகிறார். மறுபடி கேட்டு, மறுபடி வாங்குகிறார். மூன்றாம் முறையும் அதே விலையைச் சொன்னால் தேர்வில் தோற்றீர்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிந்திருக்கலாம். பகடையே சீராக இல்லாமலும் இருக்கலாம். யார் நம்மிடம் வாங்குகிறார், ஏன் வாங்குகிறார் என்று யோசித்து விலையை ஏற்றத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மார்க்கெட் மேக்கிங்கில் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

*குவான்ட் டெவலப்பர்.* மேற்சொன்னவர்களின் விதிகளை ஓடும் மென்பொருளாக்குபவர். ஆய்வுக்குப் பைத்தான், வேகத்துக்கு சி++, எல்லாவற்றுக்கும் அடியில் லினக்ஸ். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நாற்காலி இது. டிரேடர் என்ற பட்டம் இல்லையே என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை லாக் கோப்பில் தினமும் பார்ப்பவர் அவர்.

*ரிஸ்க், கண்காணிப்பு, இணக்கம்.* வணிகவியல் படித்தவர்களுக்கு நல்ல நுழைவு. செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளில் எட்டாம் தொடர் பங்கு டெரிவேட்டிவ் பற்றியது: 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60, தவறான விடைக்கு 25 சதவீதம் கழிவு, சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். டெரிவேட்டிவ் டெர்மினலில் உட்காருபவர்களுக்கு இது கட்டாயம். பணத் தீர்வு, ரிஸ்க் பக்கம் போக ஏழாம் தொடர். இந்தச் சான்றிதழ்கள் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே மதிப்பைத் தருவது வேறு, அதற்கு அடுத்த பகுதி.

*வங்கிக் கருவூலம்.* வங்கியின் சொந்தப் பணத்தையும் பத்திரங்களையும் கையாளும் பிரிவு. அரசுப் பத்திரங்கள் 2005இலிருந்தே ரிசர்வ் வங்கியின் என்.டி.எஸ்.-ஓ.எம். என்ற மின்னணு வர்த்தகத் திரையில் கைமாறுகின்றன. நிறுவனப் பத்திரங்களில் நிலைமை வேறு. ஒரே நிறுவனத்துக்குப் பல வெளியீடுகள், ஒவ்வொன்றும் எப்போதாவதுதான் கைமாறும். யாரிடம் சரக்கு இருக்கிறது, யாருக்கு மாதக் கடைசியில் விற்றாக வேண்டிய கட்டாயம் என்பது பேசித்தான் தெரியும். ஆணைகள் குறைவாக இருக்கும் இடத்தில் கணினிக்குக் கற்கத் தரவு இல்லை. அந்தக் காரணத்தாலேயே அங்கே மனிதருக்கு இடம் இருக்கிறது.

கணினி தவறும்போது யார் இருக்கிறார்?

2012 ஆகஸ்டு 1, அமெரிக்கா. நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம், நியூயார்க் பங்குச்சந்தையின் புதிய திட்டமொன்றுக்காக மென்பொருளைப் புதுப்பித்தது. மொத்தம் எட்டு சர்வர்கள். ஏழில் புதிய நிரல் ஏறியது, எட்டாவதில் விடுபட்டுவிட்டது. அந்தச் சர்வரில், 2003இலேயே கைவிடப்பட்ட ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய திட்டத்துக்கென்று மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு நிரல் அடையாளம் (ஃபிளாக்), அந்தப் பழைய நிரலைத்தான் உசுப்பியது. ஆணை நிறைவேறிவிட்டதா என்று எண்ணி நிறுத்தும் பகுதி 2005இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், பழைய நிரலுக்கு எப்போது நிறுத்துவது என்றே தெரியவில்லை. வாடிக்கையாளர்களின் வெறும் 212 ஆணைகளுக்காக 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணி முதல் அந்தக் கணினி 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது, பிழை என்று. யாரும் படிக்கவில்லை, ஏனென்றால் அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படவில்லை. பதற்றத்தில் செய்த திருத்தம் இன்னும் மோசம்: சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். ஒன்றில் இருந்த கோளாறு எட்டுக்கும் பரவியது.

அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று இந்தியாவில் நடந்தது மனிதத் தவறு. ஒரு தரகு நிறுவன டீலர் போட்ட 59 தவறான ஆணைகள், மதிப்பில் 650 கோடி ரூபாய்க்கு மேல், நிஃப்டியைச் சில நொடிகளில் 900 புள்ளிகளுக்கு மேல் சரித்தன. சந்தையே சிறிது நேரம் நின்றது. ஆணை வெளியே போகும் முன் அளவையும் மதிப்பையும் சரிபார்க்கும் வேலி சரியாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

இரண்டு நிகழ்விலும் தேவைப்பட்ட ஆள் ஒருவரே: விதியையும் நிரலையும் ஓரளவாவது படிக்கத் தெரிந்து, 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரமும் உள்ளவர். ரிஸ்க் நாற்காலியைப் பலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். என் பார்வையில், குவான்ட் இடம் கிடைக்காத ஒருவருக்கு அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும், ஒரு நிபந்தனையுடன்: அங்கே எல்லைகளை நிர்ணயிக்கவும், தேவைப்பட்டால் அல்காரிதத்தை நிறுத்தவும் விட வேண்டும். மாலையில் அறிக்கை தயாரிப்பது மட்டும்தான் வேலை என்றால், அதுவும் விரைவில் கணினியிடம் போகும்.

விதி மாறினால் மேசையே காணாமல் போகும்

ரூபாய்-டாலர் ஃபியூச்சரிலும் ஆப்ஷனிலும் சந்தை வழியாக வர்த்தகம் செய்து பிழைத்த ஜாபர்களும் சிறு நிறுவனங்களும் ஏராளம். அடிப்படையில் அந்நியச் செலாவணித் தேவை இருப்பவர்களுக்கே இந்த ஒப்பந்தங்கள் என்று 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. மே 3 முதல் நடைமுறை. அந்தச் சந்தையின் வர்த்தக அளவு சரிந்து விழுந்தது. அதில் மட்டும் தேர்ச்சி பெற்றவர்களின் திறமைக்கு ஒரே காலாண்டில் வாங்குபவர் இல்லாமல் போனார்கள்.

ஆப்ஷனிலும் இதே கதைதான். 2024 நவம்பரிலிருந்து ஒரு சந்தைக்கு ஒரே ஒரு பங்குக் குறியீட்டில்தான் (நிஃப்டி, பேங்க் நிஃப்டி போன்றவை) வாராந்தர எக்ஸ்பைரி. பேங்க் நிஃப்டி வாராந்தர ஆப்ஷனை மட்டும் நம்பியிருந்த ஸ்ட்ராடஜிகள் அன்றோடு முடிந்தன. 2025 ஜூலை 3 அன்று ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் 4,843 கோடி ரூபாயை முடக்கி செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. காலையில் வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சரையும் வாங்கிக் குறியீட்டை ஏற்றி, ஆப்ஷனில் எதிர்நிலை எடுத்து, பிறகு வாங்கியதை விற்றார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு. இது சாதாரண ஆர்பிட்ரேஜ் (விலை வித்தியாசத்தைப் பிடிப்பது) என்பது நிறுவனத்தின் மறுப்பு. வழக்கு எப்படிப் போனாலும், வேலைக்குச் சேருபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரே உத்தியை ஒருவர் ஆர்பிட்ரேஜ் என்கிறார், மற்றவர் மோசடி என்கிறார். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று எழுதிக் காட்டக்கூடியவருக்கு இனி வேலை இருக்கும்.

சில்லறை வர்த்தகர்களின் அல்காரிதங்களுக்கும் 2025 பிப்ரவரியில் செபி விதி வகுத்தது. ஏ.பி.ஐ. (நிரல் நேரடியாகத் தரகரின் கணினியோடு பேசும் இணைப்பு) வழியாக வரும் ஆணைகளுக்கு அடையாளக் குறி, நிலையான ஐ.பி. முகவரி, நொடிக்கு 10 ஆணைகளைத் தாண்டினால் சந்தையில் பதிவு. தரகு நிறுவனங்களில் இதைப் பார்த்துக்கொள்ளவே ஆள் தேவைப்படுகிறது.

பஞ்சும் மஞ்சளும்: திரைக்கு வெளியே ஒரு டிரேடிங்

டிரேடிங் என்றால் பங்குச்சந்தை என்றே பழகிவிட்டோம். கோவையில் பஞ்சு வாங்கும் அலுவலகத்திலும், ஈரோட்டு மஞ்சள் ஏலத்திலும் நடப்பதும் டிரேடிங்தான். அல்காரிதம் அங்கே இன்னும் வாசலோடு நிற்கிறது.

பஞ்சை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட். இங்கே ஒரு கண்டிக்கு இத்தனை ஆயிரம் ரூபாய். ஒரு கண்டி 355.6 கிலோ, அதாவது 784 பவுண்டு. ஆக நியூயார்க்கில் ஒரு சென்ட் ஏறினால் கண்டிக்கு 7.84 டாலர் ஏறுகிறது. அதை டாலர் மதிப்பால் பெருக்கினால் ரூபாய். இந்தக் கணக்கை எக்செல் நொடியில் போட்டுவிடும்.

எக்செல் போடாதது இதற்குப் பிறகு வருகிறது. மாதிரியில் பார்த்த இழை நீளம் லாரியில் வந்த பேலில் இருக்கிறதா? ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் அந்த எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோமா? விலை ஏறிவிட்டால் ஜின்னிங் (பஞ்சிலிருந்து விதை நீக்கும்) ஆலைக்காரர் பேசியபடி சரக்கு அனுப்புவாரா? கப்பல் தூத்துக்குடியில் காத்திருந்தால் தாமதக் கட்டணம் யார் தலையில்? 2025 ஆகஸ்டில் பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை அரசு தற்காலிகமாக நீக்கியபோது, இங்கே அதிக விலையில் சரக்கை அடுக்கி வைத்திருந்தவருக்கு ஒரே இரவில் கணக்கு மாறியது.

சம்பளம் தொடக்கத்தில் குவான்ட் வேலையின் பக்கத்திலேயே வராது. ஆனால் ஐந்தாண்டில் சேரும் அறிவு, அதாவது யாருடைய சொல் நிற்கும், எந்த மாவட்டத்துச் சரக்கில் என்ன குறை என்பது, வேறெங்கும் தரவாக எழுதப்பட்டிருப்பதில்லை. அதோடு ஹெட்ஜிங்கும் (விலை மாற்றத்திலிருந்து காத்துக்கொள்ளும் உத்தி) கொஞ்சம் பைத்தானும் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் இன்னும் அரிது.

சேர்வதற்கு முன் ஆறு மாதத்தில் செய்யக்கூடியது

உண்மைப் பணத்தில் ஆப்ஷன் வாங்கிப் 'பழகுவது' பயிற்சி ஆகாது. ஒரு முழுமையான சிறு வேலை செய்து காட்டுவது பத்துச் சான்றிதழுக்குச் சமம். உதாரணமாக, சந்தை தினமும் இலவசமாக வெளியிடும் பாவ்காப்பி (தினசரி விலைப் பட்டியல்) கோப்புகளில் ஐந்தாண்டுக்கானதைச் சேர்த்து, ஓர் எளிய எக்ஸ்பைரி நாள் ஸ்ட்ராடஜியைப் பேக்டெஸ்ட் செய்யலாம், அதாவது பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் வழக்கமாகத் தவறும் இடங்கள்:

1. 'வியாழன் என்றால் எக்ஸ்பைரி' என்று நிரலில் எழுதிவிடுவது. பேங்க் நிஃப்டி 2023 செப்டம்பரில் புதனுக்கு மாறியது, பிறகு வாராந்தர எக்ஸ்பைரியே நின்றது. நிஃப்டி 2025 செப்டம்பரில் செவ்வாய்க்கு மாறியது. விடுமுறை வந்தால் முந்தைய நாளுக்குப் போகும்.
2. கோப்பின் வடிவம் 2024 ஜூலையில் மாறியது. பழைய நிரல் பிழை காட்டினால் நல்லது. காட்டாமல் தவறான நெடுவரிசையைப் படித்தால்தான் ஆபத்து.
3. அதிகம் கைமாறாத ஸ்ட்ரைக்கின் கடைசி விலை, மதியம் 12 மணிக்கு நடந்த ஒரே வர்த்தகமாக இருக்கலாம். 3.30க்கு அந்த விலையில் விற்றதாக எண்ணினால் லாபம் கற்பனை.
4. நாளின் இறுதி விலையைப் பார்த்து எடுத்த முடிவை, அதே இறுதி விலையில் நிறைவேற்றியதாகக் கணக்கிடுவது.
5. லாட் அளவும் (ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை) வரி விகிதமும் ஐந்தாண்டும் ஒன்றே என்று வைப்பது.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு ஸ்ட்ராடஜி நஷ்டம் காட்டினாலும் பரவாயில்லை. செலவுக்கு முன்னும் பின்னும் என்ன, எந்தத் தவறைத் திருத்தியபோது லாபம் எவ்வளவு கரைந்தது என்ற இரண்டு பக்கக் குறிப்பு, நேர்காணலில் அரைமணி நேரம் பேச வைக்கும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, பணம். வேலைக்குச் சேர வைப்புத்தொகை கேட்கும் 'பிராப்' நிறுவனம் உங்கள் பணத்தில் உங்களுக்கே சம்பளம் தருகிறது. தேர்வுக் கட்டணம் கட்டி வென்றால் லட்சக்கணக்கில் மூலதனம் தருவோம் என்னும் இணையத் திட்டங்களின் வருமானம், பெரும்பாலும் தோற்பவர்கள் கட்டிய கட்டணம்தான். நிறுவனம் எந்தச் சந்தையில் உறுப்பினர் என்று செபி தளத்தில் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது, கட்டுப்பாடுகள். வேலையை விட்டபின் இந்தத் தொழிலுக்கே போகக்கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்பது வேறு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்றாண்டு, 2 லட்சம் ரூபாய் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நிரலையும் ஸ்ட்ராடஜியையும் வெளியே கொண்டுபோவது எந்த ஒப்பந்தத்திலும் வம்புதான். வீட்டுக் கணினிக்கு ஒரு கோப்பைக்கூட அனுப்பாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, லாபப் பங்கு. 20 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். நஷ்டம் அடுத்த காலாண்டுக்கு ஏறுமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும். முதல் காலாண்டில் 4 லட்சம் நஷ்டம், இரண்டாவதில் 6 லட்சம் லாபம் என்றால், நஷ்டம் ஏறாத ஒப்பந்தத்தில் கைக்கு வருவது 1,20,000. ஏறும் ஒப்பந்தத்தில் 40,000. டெர்மினல் வாடகை, டேட்டா கட்டணம், எஸ்.டி.டி. எல்லாம் கழித்த பிறகான 6 லட்சமா, கழிப்பதற்கு முன்பா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.